ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு நாள்

குணமாலா குண்டாக இருந்த காலத்தில் புடவைக் கடையின் மாடியில்தான் வேலை பார்த்தாள். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் வரிசையாக இருக்கும் பட்டுக் கடைகளில் அதுவும் ஒன்று. கீழே கவுன்டர், மாடியில் சரக்கு அறை. தறியிலிருந்து வரும் புடவையைப் பிரித்துப் புரட்டி, உள்பக்கம் விரலை ஓட்டி, உடலும் கரையும் சேர்கிற இடத்தில் இழை விட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. எட்டு வருஷத்தில் அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பழுதும் கீழே இறங்கியதில்லை. அவளும் இறங்கியதில்லை. நூற்றுப் பதினெட்டுக் கிலோ.

"கஸ்டமர் வர்ற எடம்மா, நின்னுக்கினே இருக்கணும், ஒனக்குத்தான் கஷ்டம்" என்று முதலாளி அன்பாகத்தான் சொல்வார்.

ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருஷத்தில் அறுபத்தாறு கிலோவுக்கு வந்தாள். அதே முதலாளி அவளைக் கீழே கூப்பிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கு முந்தியைத் தோளில் போட்டுக் காட்டுகிற வேலை. சம்பளமும் கூடிற்று. "இத்தன வருஷமா இதே கையும் இதே கண்ணும்தானே எனக்கு?" என்று பேக்கிங்கில் இருக்கும் காந்தாவிடம் கேட்டாள். காந்தா, "அதையெல்லாம் யாரு பாக்கறாங்க, வுடுக்கா" என்றாள்.

குணமாலா பிறந்தது திருப்பருத்திக்குன்றம். ஊரிலேயே நிலம் வைத்திருந்த சமண நயினார் குடும்பம். வாழ்க்கைப்பட்டது செவிலிமேட்டில் வீடு கட்டியிருந்த வர்த்தமானனுக்கு. அவர் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், குரலைக்கூட உயர்த்த மாட்டார். ஒரே மகள் மதுமிதா கோயமுத்தூரில் படிக்கப் போனபிறகு வீட்டில் இரண்டே பேர்.

ஆபரேஷனுக்கு அவளை இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான். அப்போது அவளுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். பத்து, பதினைந்து நொடி சத்தமே இருக்காது. பிறகு முங்கினவள் மேலே வருகிற மாதிரி ஒரு இழுப்பு இழுப்பாள். சென்னை ஆஸ்பத்திரியில், இப்படியே விட்டால் எப்போது வேண்டுமானாலும் எதுவும் ஆகலாம் என்று சொல்லிவிட்டார்கள். 2018 டிசம்பரில் அவள் வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தார்கள். மிச்சம் இருந்தது ஒரு வாழைப்பழ அளவு.

சாப்பாட்டு நிபுணர் ஷாரோன் மேடம் சின்ன வயசுப் பெண். கறாராகச் சொன்னாள்: "வாய்க்குள்ள போறது ஒண்ணு விடாம எழுதணும். தண்ணி கூட. எடை மெஷின்ல வெச்சு நிறுத்துட்டு எழுதுங்க."

வர்த்தமானன் அன்று சாயங்காலமே சமையலறைக்கு ஒரு சின்னத் தராசு வாங்கினார். அவள் போனில் ஒரு ஆப் இறக்கினார். அந்த ஆப்பின் கடவுச்சொல் அவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குளித்துவிட்டு வந்ததும் எடை பார்ப்பார். அதைக் குடும்ப வாட்ஸப்பில் போடுவார். சொந்தக்காரர்கள் கட்டைவிரலைத் தூக்குவார்கள்.

முதல் வருஷம் அவளுக்கே அது பிடித்திருந்தது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினாலும், கையில் தோல் தொங்கினாலும், செவிலிமேட்டு பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் இன்னொருவருக்கும் இடம் விட்டு உட்கார முடிந்தது. ஓரிக்கை வரைக்கும் மூச்சு வாங்காமல் நடக்க முடிந்தது. எழுதினாள். அரை இட்லி, இருபது கிராம். பாசிப்பருப்பு, மூன்று ஸ்பூன். பனீர், முப்பது கிராம். மோர், நூறு மில்லி.

எடை இறங்கி நின்ற பிறகும் எழுதினாள். மூன்றாம் வருஷமும், நான்காம் வருஷமும் எழுதினாள். விசேஷ வீட்டில் இலையில் எது விழுந்தாலும் முதலில் அவள் கண்ணில் படுவது எண்தான். வடை நூற்றிருபது. பாயசம் இருநூறு, தொடக் கூடாது. எதிர் வரிசையிலிருந்து அவர் பார்ப்பார். அந்தப் பார்வை அவளுக்குப் பழகிவிட்டது. பந்தி முடிந்ததும் அவர் யாரையாவது பிடித்துப் போனில் இருக்கும் பழைய போட்டோவைக் காட்டுவார். "யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்? இவதான். நான் விடல. ஒரு நாள் விடல." அவள் பக்கத்தில் நின்று சிரிப்பாள்.

அவளுடைய அம்மா மருதேவிக்கு இதெல்லாம் புரியவில்லை. மகள் செத்துப் பிழைத்திருக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. ஒரு நாள் பயத்தம் உருண்டை பிடித்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். "நெய் கம்மியாத்தாம்மா போட்டேன். பருப்பு ஒனக்கு நல்லதுன்னு சொன்னியே" என்றாள்.

குணமாலா ஒரு உருண்டையை எடுத்துத் தராசில் வைத்தாள். முப்பத்தெட்டு கிராம். கத்தியால் நாலாக வெட்டினாள். ஒரு துண்டை மறுபடி வைத்தாள். ஒன்பது கிராம். அதை வாயில் போட்டுக்கொண்டு போனை எடுத்துப் பதிந்தாள். மிச்சம் மூன்று துண்டையும் டப்பாவிலேயே போட்டு மூடினாள்.

"நல்லா இருக்குதாம்மா?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்குதும்மா" என்றாள், போனைப் பார்த்துக்கொண்டே.

அம்மா டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் உயிரோடு இருந்தாள். பத்துத் தடவையாவது செவிலிமேட்டுக்கு வந்திருப்பாள். ஒரு தடவைகூட ஒன்றும் செய்து எடுத்து வரவில்லை. அதைக் குணமாலா கவனிக்கவும் இல்லை.

2024 பிப்ரவரியில் மருதேவி இறந்தாள். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். தம்பி ஜினேஷ் போன் செய்ததும் குணமாலா கடையிலிருந்து நேரே போனாள். கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். காலடியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, மலைத்துப் போயிருந்தாள். யாரோ ஒரு அம்மாள், "தொண்டை காஞ்சிருக்கும், குடி" என்று காபியைக் கையில் திணித்தாள். குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். கை தானாகப் போனை எடுத்தது.

ஜினேஷ் எதிரில் நின்றுகொண்டிருந்தான். "யாருக்குக்கா சொல்லணும்? நம்பர் குடு, நான் பேசறேன்" என்று அவள் கையிலிருந்து போனை வாங்கினான். திரையில் இருந்ததைப் படித்தான். காபி, சர்க்கரை இல்லை, தொண்ணூறு மில்லி, நாற்பது கலோரி.

 அவன் போனை அவள் மடியில் வைத்துவிட்டு வெளியே போனான். காரியம் முடிகிற வரைக்கும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து செவிலிமேட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். நீங்கள் தொடர்ந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு நாள் பதிவு செய்திருக்கிறீர்கள், வாழ்த்துகள் என்று பட்டாசு வெடித்தது ஆப். அம்மா செத்த நாளும் அந்தக் கணக்கில் இருந்தது. ஆப்பை அழுத்திப் பிடித்து நீக்கினாள். வீட்டுக்குப் போனதும் தராசை எடுத்து, சின்னப் பொருளெல்லாம் நிறுத்து விற்கும் பக்கத்துத் தெரு தையல்நாயகியிடம் கொடுத்துவிட்டாள். ஜவ்வரிசி வடாம் பொட்டலம் போட அவளுக்கு உதவும்.

ஞாயிற்றுக்கிழமை வர்த்தமானன் கண்டுபிடித்தார்.

"ஒன் போன்ல ஆப்பையே காணோமே, குணா?"

"எடுத்துட்டேங்க."

"ஏன்?"

"போதும்னு தோணிச்சு."

அவர் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பத்தாம் வகுப்புப் பையனுக்குச் சொல்வது போலச் சொன்னார். இத்தனை சதவீதம் பேர் ஐந்தாம் வருஷத்துக்குப் பிறகு மறுபடி ஏறிவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு நூறு கலோரி கூடினால் வருஷத்துக்கு எத்தனை கிலோ. "துக்கத்துல இருக்கே, சரி. ஒரு மாசம் போகட்டும்" என்று முடித்தார்.

ஒரு மாசம் அவள் பயந்துதான் சாப்பிட்டாள். எழுதாமல் சாப்பிடுவது கைப்பிடி இல்லாத மாடிப்படியில் இறங்குவது போல இருந்தது. ஏப்ரலில் ஒன்றரைக் கிலோ ஏறிற்று. அவர் பேசவில்லை, வாட்ஸப்பில் போடாமல் இருந்ததே பேச்சு. ஒரு நாள் காந்தாவோடு ஓட்டலுக்குப் போய் ஒரு முழு ஜாங்கிரி தின்றாள், வீம்புக்கு. பத்து நிமிஷத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்து, கடைப் பின்கட்டில் படுத்துவிட்டாள். காந்தா விசிறினாள். அதற்குப் பிறகு இனிப்பில் ஒரு கடிக்கு மேல் அவளுக்கே வேண்டியிருக்கவில்லை.

மெல்ல மெல்ல ஒன்று தெரிந்தது. முதலில் பருப்பு, பனீர், அப்புறம் காய், கடைசியில் சோறு என்று மெதுவாகச் சாப்பிட்டால், ஒரு இடத்தில் மூக்கு லேசாக ஒழுக ஆரம்பிக்கும். ஒரு சின்ன விக்கல் வரும். வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம்; அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஐந்து வருஷமாக அந்த மூக்கு ஒழுகிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அவள் சளி என்று நினைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறாள். ஜூனில் அறுபத்தேழு. தீபாவளிக்கு அறுபத்தேழு. பொங்கலுக்கு அறுபத்தாறரை.

வர்த்தமானன் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. எடை ஏறியிருந்தால்கூடச் சமாதானம் ஆகியிருப்பார். ஒரு நாள் அவர் பள்ளிக்கூடத்து விடைத்தாள் கட்டை எடுத்து வைக்கப்போனவள் கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று அகப்பட்டது. அழகான கணக்கு வாத்தியார் கையெழுத்து. செவ்வாய்: இட்லி 2, தேங்காய்ச் சட்னி 2 ஸ்பூன். மதியம்: தெரியவில்லை. இரவு: தோசை 1, இன்னும் பாதி கேட்டாள். புதன்: உப்புமா, சுமார் ஒரு கப். மதியம்: தெரியவில்லை. பக்கம் பக்கமாகப் போனது. ஒன்பது மாசத்து மதியத்துக்கும் தெரியவில்லை, தெரியவில்லை என்று எழுதியிருந்தது.

நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். "இன்னாங்க இது?"

"நீ விட்டுட்ட. யாராவது ஒருத்தர் பாத்துக்கணும் இல்ல?" என்றார். நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம், 2025 தொடக்கத்தில், அவளுக்கு உள்ளங்கால் மரத்துப் போக ஆரம்பித்தது. கவுன்டரில் நிற்கும்போது பஞ்சின் மேல் நிற்பது போல இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு அவர்கள் சென்னைக்குப் போவதே இல்லை. ரத்தத்தை இங்கே கொடுத்து, முடிவை வர்த்தமானன் தன் போனிலிருந்து அனுப்புவார். இந்த முறை நேரில் வரச் சொன்னார்கள்.

"பாத்தியா?" என்றார் வர்த்தமானன். குரலில் கவலை இருந்தது. கவலைக்கு அடியில் ஒரு திருப்தியும் இருந்ததை அவள் கேட்டாள். சென்னைக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டார்.

டாக்டர் பார்த்துவிட்டு, பி-பன்னிரண்டு குறைந்திருக்கிறது, இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்கு வருவதுதான், மாசம் ஒரு ஊசி போட்டால் போதும் என்றார். பிறகு ஷாரோன் மேடத்தின் அறைக்கு அனுப்பினார். மேடத்துக்கு இப்போது கண்ணாடி வந்துவிட்டது. குணமாலாவை மெஷினில் ஏற்றிப் பார்த்து, "அறுபத்தேழு! நாலரை வருஷமா ஒரே எடை. சூப்பர்மா நீங்க" என்றாள்.

வர்த்தமானன் நோட்டை மேஜை மேல் வைத்தார். "இவ ஒரு வருஷமா எழுதறத நிறுத்திட்டா மேடம். அதனாலதான் சத்துக் கொறஞ்சிருக்குது. நான்தான் முடிஞ்ச வரைக்கும் எழுதிக்கினு வரேன்."

ஷாரோன் நோட்டைப் புரட்டினாள். முகம் மாறிற்று. "ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார். அது எழுதினாலும் கொறையும்." பிறகு குணமாலாவைப் பார்த்து, "ஒரு வருஷமாவா? நாலு வருஷம் ஆயிருக்கணுமே. ரெண்டாவது வருஷ ரிவ்யூலயே நிறுத்தச் சொல்லிட்டேனேம்மா" என்றாள்.

"எங்கிட்ட சொல்லலியே, மேடம்."

"கொரோனா டயம், போன்லதான் பேசினேன்." ஃபைலைத் திருப்பி விரல் வைத்துக் காட்டினாள். 2021 ஜனவரி. எடை நிலையாக உள்ளது. தினசரிப் பதிவு இனித் தேவையில்லை. தொடர்ந்தால் மன உளைச்சல் ஆகலாம். மாதம் ஒரு முறை எடை போதும். கணவரிடம் விளக்கப்பட்டது.

குணமாலா கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். வர்த்தமானன் சுவரில் மாட்டியிருந்த பழங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்கிட்ட கால் மணி நேரம் பேசினேன்" என்றாள் ஷாரோன், தாழ்ந்த குரலில்.

பஸ் பூந்தமல்லி தாண்டியது. பிறகு அவள்தான் கேட்டாள்.

"மறந்துட்டீங்களா?"

பொய் சொல்ல அது வசதியான இடம். அவர் சொல்லவில்லை. "மறக்கல" என்றார்.

"அப்புறம்?"

"சொன்னா நீ விட்டுடுவே. விட்டா ஏறும். ஏறினா மறுபடி அந்த மூச்சு..." நிறுத்தினார். "நீ தூங்கினே, குணா. நான் உக்காந்து எண்ணிக்கினு இருந்தேன். பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. நாலு வருஷம் எண்ணினேன். அது ஒனக்குத் தெரியாது."

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் அவரை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. மூச்சு சரியாகித்தான் ஆறு வருஷம் ஆகிறதே. எண்ணி எண்ணிப் பழகிய மனுஷன் எண்ணுவதற்கு வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். அவள் மனதில் வேறொரு கணக்கு ஓடியது. அம்மா உருண்டை கொண்டு வந்தது 2022. நிறுத்தச் சொன்னது 2021. அன்றைக்கு அந்தத் தராசே வீட்டில் இருந்திருக்க வேண்டியதில்லை.

"எங்கம்மா வந்தன்னிக்கி நீங்க வீட்லதான இருந்தீங்க?" என்றாள். "பக்கத்து ரூம்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, காஞ்சிபுரம் வருகிற வரைக்கும் வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பருத்திக்குன்றத்துக்குப் போனாள். ஜினேஷ் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்துகொண்டிருந்தான். வரப்பில் நிறுத்தியே எல்லாவற்றையும் சொன்னாள். ஃபைலில் இருந்த வரி, தேதி, எல்லாம். சொல்லிவிட்டால் அவன் பழையபடி ஆகிவிடுவான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அவன் கேட்டுக்கொண்டான். கால் சேற்றைப் புல்லில் தேய்த்தான். "மாமா பண்ணது தப்புதான்" என்றான். "ஆனா கத்தி ஒங் கையிலதானக்கா இருந்துது."

"டாக்டர் சொன்னதுன்னு நெனச்சிக்கினு..."

"அம்மா என்னா நெனச்சிக்கினாங்க தெரியுமா? தன் கை சுத்தமில்லன்னு நீ தயங்கறேன்னு. அன்னிலேர்ந்து சமைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு ரெண்டு தடவ கை கழுவுவாங்க. எனக்கே அப்பறந்தான் காரணம் தெரிஞ்சுது." அவன் கொட்டகைப் பக்கம் திரும்பினான். "இப்ப வந்து தேதி சொல்றே. அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது?"

சாப்பிட்டுவிட்டுப் போ என்று தம்பி பெண்டாட்டி கூப்பிட்டாள். குணமாலா உட்கார்ந்து சாப்பிட்டாள். மூக்கு ஒழுகியது. இந்தத் தடவை கண்ணும் ஒழுகியதால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாப்பில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள்.

அதற்கப்புறம் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆஸ்பத்திரியில் தொடர்பு எண்ணைத் தன் எண்ணாக மாற்றிக்கொண்டாள். மாசம் ஒரு ஊசிக்குத் தனியாகப் போகிறாள். கால் பாதி சரியாகியிருக்கிறது. மீதி சரியாகாது என்கிறார்கள். நோட்டை வர்த்தமானன் அவரே பழைய பேப்பரோடு போட்டுவிட்டார். விசேஷங்களில் போட்டோ காட்டுவதையும் விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக என்ன பேசுவது என்று தெரியாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டில் அவரோடு சேர்ந்து அவள் சாப்பிடுவதில்லை. மத்தியானமும் சாயங்காலமும் கடையில் காந்தாவோடு சாப்பிட்டு முடித்துவிடுகிறாள். வந்ததும் அவருக்குத் தோசை வார்த்துப் போடுகிறாள், சட்னி வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள். சண்டை இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்பார், "நீ சாப்ட்டியா?"

"ஆச்சு" என்பாள்.

என்ன, எவ்வளவு என்று அவர் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.